துப்பாக்கியின் பெயர் தாங்கிய வண்டி

தடதடவென்று ஒலியெழுப்பி நம் தெருவைக் கடக்கும் ராயல் என்ஃபீல்டு, ஆயுதத் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கிய வண்டி என்பது தெரியுமா?

லண்டனின் வடபகுதியில் உள்ள ஊர் என்ஃபீல்டு. பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்த அரசுத் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. ஊசித் தொழிலுக்குப் பேர்போன, இங்கிலாந்தின் ரெடிச் பகுதியில் சைக்கிள் தயாரித்துவந்த ஒரு நிறுவனத்துக்கு, 1890களில் அந்தத் தொழிற்சாலைக்கு நுட்பமான உதிரிபாகங்கள் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பெருமையில் என்ஃபீல்டு என்ற பெயரையே தன் சைக்கிளுக்குச் சூட்டிக்கொண்டது. பீரங்கி அதன் சின்னமானது. துப்பாக்கிபோல உறுதியாகச் செய்யப்பட்டது என்பதே விளம்பர வாசகம். 1901-இல் மோட்டார் சைக்கிள் வந்தது, 1932-இல் புல்லட். தோட்டாவின் பெயர்தான் அதுவும்!

ராணுவப் பெயரைச் சூடிக்கொள்ளும் நிறுவனங்கள் ஏராளம். ஆனால் துப்பாக்கிக்கே பாகம் செய்து கொடுத்து அந்தப் பெயரை ஈட்டியது இந்நிறுவனம். அதனால்தான் அது போலிப் பெருமையாகத் தோன்றவில்லை.

இந்தியாவில் அந்தப் பெயருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1857-இல் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்த கொழுப்பு தடவிய தோட்டாக்கள், என்ஃபீல்டு துப்பாக்கிக்கானவை. அதே பெயர் கொண்ட புல்லட்டைத்தான் சுதந்திர இந்தியாவின் ராணுவம் 1950களில் தேர்ந்தெடுத்தது. அதற்காக 1955-இல் ராயல் என்ஃபீல்டுக்கும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கும் இடையே கூட்டு ஏற்பட்டது. சென்னை திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பிறகும், திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து தயாரானது.