இரவு 12 முதல் காலை 5 வரை

தனிமனிதனும் சட்டமும் – 9

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் சில விதிமுறைகளை வெளியிட்டது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளில் 18 வயது நிரம்பாதவர்களைச் சேர்க்கக் கூடாது. ஆதார் மூலம் ஆளை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஆடுகிறவரின் திரையில் அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை வர வேண்டும். நாளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று ஆடுகிறவரே செலவு வரம்பு வைத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். கூடவே இன்னொன்று: நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை யாரும் உள்ளே நுழைய முடியாது. ரம்மி நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது அதிகமாக மல்லுக்கட்டியது ஆதாருக்கும் இந்த ஐந்து மணி நேரத்துக்கும் எதிராகத்தான். வயதுவந்த ஒருவர், தான் சம்பாதித்த பணத்தில், தன் கைபேசியில், தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு சீட்டாடினால் அரசுக்கு அதில் என்ன வேலை என்று கேட்டார்கள். கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும் கேள்விதான். இந்தத் தொடரில் இதுவரை தனிமனிதனின் பக்கமே நின்று வாதிட்டு வந்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அந்த ஐந்து மணி நேரப் பூட்டு ஆடுகிறவரின் சுதந்திரத்தை அதிகம் தொடவில்லை என்றும், அது தொட்டது வேறொருவரின் சுதந்திரத்தை என்றும் நினைக்கிறேன். அதே காரணத்தால், பின்னால் வந்த முழுத்தடையை ஏற்பதும் எனக்குக் கடினமாக இருக்கிறது.

வழக்கின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2020 நவம்பரில் அ.தி.மு.க. அரசு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பிறகு சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நோக்கம் சரி, ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல அளவுக்கு மீறிய தடை என்பதுதான் தீர்ப்பின் சாரம். தி.மு.க. அரசு நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் புதிய மசோதாவை நிறைவேற்றியது. அதன் அவசரச் சட்ட வடிவத்துக்குக் கையெழுத்திட்ட அதே ஆளுநர், மசோதாவை மட்டும் நான்கு மாதத்துக்கு மேல் வைத்திருந்து திருப்பி அனுப்பியது தனிக்கதை. பிறகு சட்டமான அதை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டுகள், அவற்றைத் தடைப் பட்டியலில் வைக்க முடியாது என்றது. தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்ற அந்த இடைவெளியில் பிறந்தவைதான் 2025 விதிமுறைகள். அவற்றை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று உறுதிசெய்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் ஒரு மசோதா நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. திறனோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும் நாடு முழுக்கத் தடை. நடத்துகிறவருக்கு மூன்றாண்டுச் சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் வரை. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை.

இத்தனை வழக்குகளிலும் நீதிமன்றங்கள் சுற்றிச்சுற்றி வந்தது ஒரே கேள்வியை: ரம்மி திறனா, அதிர்ஷ்டமா? இதற்கு மூலம் 1967இல் உச்ச நீதிமன்றம் சத்தியநாராயணா வழக்கில் தந்த தீர்ப்பு. செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் பணம் வைத்து ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்தது. ரம்மி, மூன்று சீட்டு போலக் குருட்டாட்டம் அன்று. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று கணிக்க வேண்டும், ஆகவே அது பெரும்பாலும் திறன் விளையாட்டே என்று நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதினார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் பகுதி இது. அதே தீர்ப்பு அதை ஒட்டியே இன்னொன்றும் சொல்கிறது: மன்றத்தின் உரிமையாளர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் பார்ப்பதாகச் சான்று இருந்தால், அது ரம்மியானாலும் குற்றம் நிலைநிற்கலாம். இந்தப் பகுதியை யாரும் அவ்வளவு உற்சாகமாக எடுத்துக்காட்டுவதில்லை. 1967இன் நீதிபதிக்கு, நான்கு பேர் உட்கார்ந்து ஆடுவதும், ஆடவைத்து ஒருவர் பிழைப்பதும் இரண்டு வேறு செயல்களாகத் தெரிந்திருக்கின்றன. நமக்குத்தான் கலங்கிவிட்டது.

பிழைப்பது எப்படி என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சம திறமை உள்ள இருவர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். செயலி பத்து சதவீதம் கமிஷன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்தவருக்கு 180, செயலிக்கு 20. நூறு ஆட்டம் ஆடி, ஆளுக்கு ஐம்பது ஜெயித்தால், இருவரும் தலைக்கு 10,000 கட்டி 9,000 எடுத்திருப்பார்கள். ஒருவரையொருவர் தோற்கடிக்காமலே இருவருக்கும் ஆயிரம் நஷ்டம். செயலிக்கு 2,000 வரவு. திறமை என்பது யார் முதலில் காலியாவார் என்பதைத் தீர்மானிக்கலாம். ஆட்டத்தின் எண்ணிக்கை கூடக்கூட மேசையிலிருந்து பணம் வெளியேறுவதை எந்தத் திறமையும் தடுக்காது. ஆகவே செயலிக்கு யார் ஜெயிக்கிறார் என்பதில் அக்கறையே இல்லை. எத்தனை ஆட்டம், எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்பதுதான் அதன் வருமானம். வீட்டுத் திண்ணையில் சீட்டுக் கலைக்கவும் பங்கு போடவும் ஆகும் நேரம்கூட அங்கே மிச்சம். ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று மேசைகளில் உட்காரலாம். சில்லறை மாற்ற வேண்டாம், யுபிஐ இருக்கிறது. விளக்கை அணைத்து வீட்டுக்குப் போகச் சொல்ல மன்றத்துக் காவலாளியும் இல்லை.

தனிமனித சுதந்திரம் என்றதும் எல்லோரும் துணைக்கு அழைக்கும் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859இல் வந்த தன் புகழ்பெற்ற நூலின் கடைசி அத்தியாயத்தில் இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறார். சூதாடுவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சூதாட்ட விடுதி நடத்த ஒருவருக்குச் சுதந்திரம் உண்டா என்று கேட்டுவிட்டு, இது இரண்டு கொள்கைகளின் எல்லைக்கோட்டில் விழும் வழக்கு என்கிறார். தங்கள் வீட்டிலோ, தாங்களே சந்தா கட்டி நடத்தும் மன்றத்திலோ மக்கள் ஆடலாம். பொதுச் சூதாட்ட விடுதிகளுக்கு இடம் தரக்கூடாது என்ற வாதத்தில் வலு இருப்பதாக ஒப்புக்கொள்கிறார். காரணம் எளியது. மனிதன் தன் புத்திக்கு எட்டியபடி தானே முடிவெடுக்கட்டும் என்பதுதான் அவருடைய கொள்கை. அந்த முடிவைத் தன் லாபத்துக்காக ஒரு பக்கமாகச் சாய்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர் ஓரமாக நிற்கட்டும் என்று கேட்பது அதற்கு முரண் ஆகாது. மில் கண்ட விடுதிக்கு முகவரி இருந்தது, கதவு இருந்தது. இன்றைய விடுதி தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் எப்போது தோற்றீர்கள், எவ்வளவு போனஸ் காட்டினால் திரும்பி வருவீர்கள் என்று கணக்கு வைத்திருக்கிறது.

பெரும்பாலோர் சில நூறு ரூபாயோடு நிறுத்திக்கொள்கிறார்களே, சிலர் அழிவதற்காக எல்லோரையும் ஏன் கட்டிப்போட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. மசோதாவை ஆதரித்து ஒன்றிய அரசு தந்த எண்ணிக்கையே இதற்கு இடம் தருகிறது: 45 கோடிப் பேர் ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்றது அரசு. மூன்று இந்தியரில் ஒருவர் என்பது எனக்கு நம்பக் கடினமாக இருந்தாலும், அதை அப்படியே வைத்து வகுத்தால் தலைக்கு 450 ரூபாய்கூட வரவில்லை. இதற்கா குற்றவியல் சட்டம் என்று கேட்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் சராசரி எதையும் காட்டாது. பிரிட்டனில் பிரபுக்கள் அவையின் தேர்வுக் குழு 2020இல் தந்த அறிக்கை, அங்குள்ள சூதாட்டத் தொழிலின் லாபத்தில் 60 சதவீதம், ஏற்கெனவே அடிமையாகிவிட்ட அல்லது அதன் விளிம்பில் இருக்கும் 5 சதவீதத்தினரிடமிருந்தே வருவதாகச் சொன்னது. அழிகிற சிலர் இந்தத் தொழிலின் தற்செயலான பக்கவிளைவு என்றால், அவர்களை ஒதுக்கிவிட்டுக் கடை நடக்க வேண்டும். நடக்காது, முதல் இல்லாமல் போய்விடும். பொழுதுபோக்காக ஆடும் பெரும்பான்மை, கடையின் முகப்பில் தொங்கும் விளம்பரப் பலகை மட்டுமே.

அந்தச் சிலரிடம் சுதந்திரம் பேசுவதற்கு என்ன பொருள்? இரவு இரண்டு மணிக்கு, விட்டதைப் பிடிக்கக் கடன் செயலியில் பத்தாயிரம் எடுத்து ஆடுகிறவரும், மறுநாள் காலை பத்து மணிக்கு அதைப் பார்த்து மனம் ஒடிகிறவரும் ஒரே ஆள். இதில் யாருடைய விருப்பத்தைச் சட்டம் மதிக்க வேண்டும்? பகலில் இருப்பவர் எடுத்த முடிவு இரவில் இருப்பவரையும் கட்டுப்படுத்த ஒரு வழி இருந்தால், அதைச் சுதந்திரத்தின் கருவி என்றே சொல்வேன். ஆடுகிறவர் தானே வைத்துக்கொள்ளும் செலவு வரம்பும் அரை மணி எச்சரிக்கையும் அப்படிப்பட்டவை. ஐந்து மணி நேரப் பூட்டு கொஞ்சம் முரட்டுத்தனமானது. தானே வைத்துக்கொள்ளாதவருக்கும் அது விழுகிறது. ஆனாலும் மீதி 19 மணி நேரம் அவரிடமே இருக்கிறது.

இப்படிச் சின்னச்சின்ன தடைகள் அடிமையானவரை எங்கே நிறுத்தப்போகின்றன என்பார்கள். நார்வேயின் அனுபவம் வேறு மாதிரி. அங்கே கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் இருந்த காசு விழும் இயந்திரங்களில் 2006இல் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள்: ரூபாய்த் தாள் போன்ற நோட்டுகளை இயந்திரம் வாங்கக்கூடாது, நாணயம் மட்டும். ஆட்டம் மாறவில்லை, பரிசு மாறவில்லை. நாணயம் மாற்றி வர எழுந்து போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இயந்திரங்களில் விழுந்த பணம் கணிசமாகக் குறைந்தது. உதவி கேட்டு வந்த அழைப்புகளும் குறைந்தன. 2007இல் இயந்திரங்களையே எடுத்துவிட்டு, பின்னர் இழப்புக்கு உச்சவரம்பு வைத்த, அரசு நிறுவனத்தின் இயந்திரங்களை மட்டும் திரும்ப வைத்தார்கள். எழுந்து நடக்கும் அந்த இரண்டு நிமிடம் ஒருவருக்குத் தன்னைத் திரும்பத் தருகிறது. கைபேசியில் அந்த நடை இல்லை. சட்டம்தான் அதை உண்டாக்க வேண்டும்.

டாஸ்மாக் கடையைத் திறந்து வைத்திருக்கும் அரசு சூதாட்டத்தைப் பற்றிப் பேசலாமா என்பது தமிழ்நாட்டில் தவிர்க்க முடியாத கேள்வி. பேசுகிறவரின் யோக்கியதையைக் கேட்பது சரிதான். 1968 முதல் 2003 வரை இந்த மாநிலம் லாட்டரிச் சீட்டும் பார்த்திருக்கிறது. ஆனால் அதே டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. இரவு பதினொரு மணிக்குக் குடிக்கும் உரிமை பறிபோனது என்று யாரும் நீதிமன்றம் போவதில்லை. கடைக்கு நேரம் வைப்பது வாடிக்கையாளரைக் குழந்தையாக நடத்துவது ஆகாது என்பதை நாம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆதார் விஷயத்தில் நிறுவனங்களின் எதிர்ப்பில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. ஒருவர் எவ்வளவு தோற்றார் என்ற பதிவு அவருடைய அடையாள எண்ணோடு சேர்ந்து கிடப்பது ஆபத்து. புட்டசாமி வழக்கில் 2017இல் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்த பிறகு, குறைந்தபட்சத் தகவலோடு வயதை உறுதிசெய்யும் வழியை அரசு தேடியிருக்க வேண்டும்.

முழுத்தடையின் ஆதரவாளர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கக்கூடும்: நஞ்சுக்கு நேரம் வைப்பார்களா? நார்வேயில் இயந்திரங்களை அடியோடு எடுத்ததும் பலன் தந்ததே என்றும் கேட்கலாம். தந்தது. ஆனால் இயந்திரத்தைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துப் போகலாம். மகாதேவ் என்ற பந்தயச் செயலியின் விவகாரத்தில் பார்த்தது போல, வெளிநாட்டில் இருந்துகொண்டு வாடகை வங்கிக் கணக்குகளில் பணம் வாங்குகிற வலைத்தளத்தை முடக்கினால், அது மறுநாள் வேறு பெயரில் வருகிறது. பொழுதுபோக்காக ஆடியவர் தடைக்குப் பின் விட்டுவிடுவார். அவருக்கு அது பெரிய இழப்பும் இல்லை. தேடிப்போகிறவர் யார் என்று யோசித்தால், காப்பாற்ற நினைத்த அதே ஐந்து சதவீதம்தான். அவர் போய்ச்சேரும் இடத்தில் நள்ளிரவுப் பூட்டு இல்லை, வரம்பு இல்லை, ஜெயித்தாலும் பணம் வரும் என்ற உறுதி இல்லை. ஆடுகிறவரைத் தண்டிக்காமல் விட்டது இந்தச் சட்டத்தின் நல்ல பகுதி. ஆனால் குறைவான கட்டுப்பாடு போதாது என்று காட்டிய பிறகே கூடுதலானதைக் கையில் எடுக்க வேண்டும் என்பது உரிமை வழக்குகளின் பாலபாடம். ஜூனில் நீதிமன்றம் ஏற்ற விதிமுறைகளுக்கு அந்தச் சோதனைக்கான ஓராண்டுகூடக் கிடைக்கவில்லை.

ஒன்றியச் சட்டத்தை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது. அங்கும் திறனா, அதிர்ஷ்டமா என்ற வாதம் நிச்சயம் எழும். அதற்குப் பதிலாக, மாநிலத்தின் விதிமுறைகளைத் திரும்ப எடுத்து அவற்றின் ஓட்டைகளை அடைக்க முடியுமா என்று யோசிக்கலாம். உதாரணமாக, ஆடுகிறவர் தானே வைத்த வரம்பை அன்றிரவே தானே உயர்த்திக்கொள்ள முடிந்தால் அந்த வரம்பால் பயனில்லை. ஜெர்மனியில் எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து பொதுவாக மாதம் 1,000 யூரோதான் கட்ட முடியும். ஒரு தளத்தில் தீர்ந்ததும் அடுத்ததற்குத் தாவ வழி இல்லை. பிரிட்டனில் வரம்பைக் குறைத்தால் உடனே நடைமுறைக்கு வரும்; உயர்த்தினால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

(தொடரும்)