எவ்விடத்தில் நின்றது?

திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை அடுத்து, தறி ஓசையாலேயே வழிப்போக்கருக்கு அடையாளம் தெரியும் ஊராகிய அம்மையார்குப்பத்திலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியில் படித்துத் தேறிய வீடுகளின் பீரோக்களைத் திறந்தால், பட்டுப் புடவைகளுக்கும் நிலப் பத்திரங்களுக்கும் அடியில் அரசாங்க முத்திரை தாங்கிய மடிக்கணினி ஒன்று உறங்கிக் கிடக்கக் காண்பது அதிசயமன்று. மாணாக்கர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அவ்விதம் வந்த ஆரம்ப கால யந்திரங்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு கூட, சி-டாக் நிறுவனத்தார் டெபியன் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இயங்குதளமும் வைக்கப்பட்டிருந்தது. லினக்ஸ் இவ்வீடுகளுக்கு அந்நியமான விருந்தாளி என்று எண்ணுவது தவறு. வந்து நெடுநாளாகியும் வீட்டாரால் விசாரிக்கப்படாத விருந்தாளி என்பதே பொருந்தும்.

இப்பொழுது விசாரிக்க வேண்டிய அவசியம் வந்திருக்கிறது. விண்டோஸ் 7-க்கான பராமரிப்பு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பராமரிப்பும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதியில்லாத, ஆனால் எழுதவும் படிக்கவும் இணையத்தில் உலாவவும் இன்னமும் திடமாக இருக்கிற எத்தனையோ யந்திரங்களுக்கு லினக்ஸ் ஒரு புனர்ஜன்மம் அளிக்கக்கூடும். அதிலும் ஒரு விசேஷம் உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாவுஸ் குனோப்பர் வெளியிட்ட ‘நாப்பிக்ஸ்’ பிரபலப்படுத்திய முறைப்படி, கணினியின் வன்தட்டில் ஒன்றையும் நிறுவாமல், வெளியிலிருந்து செருகிய ஒரு சாதனத்திலிருந்தே முழு இயங்குதளத்தையும் இயக்கிப் பரீட்சை செய்து பார்க்கலாம். அன்று அது குறுந்தட்டு, இன்று பென்டிரைவ்.

பரீட்சையில் இறங்கியவர்களிற் பலர் ‘லினக்ஸ் வரவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தால் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பது என் அபிப்பிராயம். துணியில் குறை கண்ட நெசவாளர் தறியையே பழிப்பதில்லை. பாவில் எந்த இழை எவ்விடத்தில் அறுந்தது என்று கண்ணை ஓட்டுவார். இங்கும் கேட்க வேண்டிய கேள்வி, காரியம் எவ்விடம் வரையில் வந்து நின்றது என்பதே. மின்விசையை அழுத்தியதும் கணினியின் பலகையில் உறையும் ஃபர்ம்வேர் விழித்து, பென்டிரைவைக் கண்டு, அதிலுள்ள துவக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்க, அது லினக்ஸின் கருவை நினைவகத்தில் ஏற்ற, கருவானது எஞ்சிய கோப்புகளைத் தேடிப் பிடித்துத் திரையை வரைகிறது. நின்ற இடம் தெரிந்தால் நோயில் பாதி தெரிந்துவிடும்.

பென்டிரைவைக் கணினி காணவே இல்லையென்றால், முதலில் அது தயாரிக்கப்பட்ட விதத்தையே சந்தேகிக்க வேண்டும். இணையத்திலிருந்து இறக்கிய, லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை, கல்யாணப் புகைப்படங்களை நகலெடுப்பதுபோல் அப்படியே நகலெடுத்து வைத்தால் அது பூட் ஆகாது. ரூபஸ், எட்சர் முதலிய மென்பொருள்களில் ஒன்றைக் கொண்டு அதை எழுத வேண்டும். எழுதும்போது பென்டிரைவில் முன்பிருந்த யாவும் அழிந்துபோகும் என்பதை முன்கூட்டியே நினைவிற் கொள்க. நகலெடுத்தால் போதாது என்ற விதிக்கு வென்டாய் என்னும் மென்பொருள் விலக்கு: முன்பிருந்தவற்றை அழித்து அதை ஒரு தடவை பென்டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை வெறுமனே நகலெடுத்தாலே போதும். இறக்கும்போது இணைப்பு அறுந்து கோப்பு ஊனமாகியிருக்கவும் கூடும். வெளியிட்டவர்கள் கோப்போடு கூடவே எஸ்எச்ஏ-256 என்னும் 64 எழுத்து அடையாளக் கோவை ஒன்றையும் தருகிறார்கள். விண்டோஸில் ‘செர்ட்யூட்டில்’ என்ற ஆணையால் நம் கோப்பின் கோவையைக் கணக்கிட்டு, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது சில நிமிஷ வேலையே. மலிவு விலைக்கு விற்கப்படும் சில பென்டிரைவ்கள் மேலே 64 ஜிபி என்று பறைசாற்றிக்கொண்டு உள்ளே அதிற் சிறு பங்கே வைத்திருக்கும் மோசடியும் உண்டு. எழுதும் கோப்பு உண்மைக் கொள்ளளவை மீறினால், எழுதிய பின் சரிபார்க்கும் வழக்கமுடைய எட்சர் இந்தக் குட்டை உடைத்துவிடும். மின்கலம் செத்துப்போன பழைய யந்திரத்தில் எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போய்விட்டால், மீண்டும் முதலிலிருந்து எழுதுவதைத் தவிர வேறு உபாயமில்லை.

எழுதியது சரியாயிருந்தும் விண்டோஸே வந்து நிற்கிறதென்றால், ஃபர்ம்வேர் பென்டிரைவைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பூட் மெனுவை வரவழைக்கும் விசை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். டெல்லிலும் லெனோவோவின் பல மாதிரிகளிலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12 ஆனாலும், பல மாதிரிகளில் எஃப்2-வை அழுத்தி ஃபர்ம்வேர் அமைப்புக்குள் புகுந்து முதலில் அதற்கு அனுமதி தர வேண்டியிருக்கும். லெனோவோவின் சில மாதிரிகளில் ஓரத்தில் ஒரு சிறு துளை இருக்கும். ஊசியால் அதை அழுத்தினாலும் மெனு வரும். விண்டோஸ் 8 முதற்கொண்டு ‘ஷட் டவுன்’ என்பது முழுத் துயில் ஆவதில்லை. துரிதமாக எழும்பொருட்டு அரைகுறையாகவே உறங்குகிறது. ஆகையால் விசைகள் பலிக்காதபோது, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, அங்கே வரும் பட்டியலில் யுஎஸ்பி சாதனத்தைத் தெரிவு செய்வது உத்தமம்.

2012-க்குப் பிந்திய யந்திரங்களில் பெரும்பாலும் யுஇஎஃப்ஐ என்ற புது முறையும் ‘செக்யூர் பூட்’ என்ற காவலும் இருக்கும். உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளின் துவக்க நிரல் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்றதாகையால் இந்தக் காவலைச் சாதாரணமாகக் கடந்துவிடும். கடக்காதவற்றுக்கே காவலை நிறுத்த வேண்டும். நிறுத்துமுன் ஓர் எச்சரிக்கை: வன்தட்டு விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருந்தால், இந்த மாற்றத்தைக் கண்டதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவியை முதலில் எடுத்துக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளாமல் இதில் கை வைக்கலாகாது. 2011-ஆம் ஆண்டுப் பழைய யந்திரங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவற்றுக்கு ரூபஸில் ஜிபிடிக்குப் பதில் எம்பிஆர் என்ற பிரிவினை முறையைத் தெரிவு செய்தால் போதும்.

அப்பழைய யந்திரங்களில் வேறொரு மயக்கம் உண்டு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட் வடிவத்தில் மாத்திரமே வெளிவந்தது. ஆகவே கணினியின் குணவிவரப் பக்கத்தில் ‘32 பிட் இயங்குதளம்’ என்றிருப்பதைப் பார்த்து, யந்திரமே அத்தகையது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த வரி இயங்குதளத்தைப் பற்றியது. உள்ளே இருக்கும் செயலி 64 பிட் ஆகவே இருப்பது சகஜம். செயலியின் பெயரைக் கொண்டு விசாரித்தறிவதே தகும். நினைவகம் 2 ஜிபி அளவே உள்ள யந்திரத்துக்கு எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான முகப்புடைய லினக்ஸைத் தேர்ந்துகொள்வது புத்திசாலித்தனம்.

துவக்கப் பட்டியல் வந்து, அதன் பின் திரை கறுத்துவிட்டால் பலர் மனமுடைந்துபோகிறார்கள். வாஸ்தவத்தில் கஷ்டமான பாகம் கடந்தாகிவிட்டது. பெரும்பாலும் வரைகலைச் சில்லுக்கும் லினக்ஸுக்கும் உள்ள சிறு மனஸ்தாபமே அதற்குக் காரணம். பட்டியலில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியில் ‘குவயட் ஸ்பிளாஷ்’ என்ற சொற்களுக்குப் பின் ‘நோமோட்செட்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப்10 அழுத்தினால் அநேகமாகத் திரை தெளியும். மின்ட் பட்டியலில் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ என்ற பெயரில் இந்த வசதி ஆயத்தமாகவே இருக்கிறது. கறுப்புத் திரைக்குப் பதிலாக, லைவ் கோப்பமைப்பு உள்ள சாதனம் அகப்படவில்லை என்று ‘இனிட்ராம்எஃப்எஸ்’ அறிவித்து நின்றால், கரு ஏறியும் பென்டிரைவை மறுபடி காணாமல் தவிக்கிறது என்பது கருத்து. வேறு துளையில், கூடுமானால் நீல நிறமில்லாத யுஎஸ்பி 2 துளையில், செருகிப் பார்க்க வேண்டும். அதுவும் பலிக்காவிடில் ரூபஸில் ‘டிடி’ முறையில் மீண்டும் எழுத வேண்டும்.

உள்ளே நுழைந்த பிறகு வைஃபை தென்படாவிட்டால், கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து டெதரிங் செய்து, வேண்டிய டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். எல்லையோர வீடுகளுக்கு இங்கே ஓர் அனுகூலமும் உண்டு: தமிழ், தெலுங்கு இரண்டின் விசைப்பலகை அமைப்புகளும் கூடவே வருகின்றன, அமைப்பில் அவற்றைச் சேர்த்துக்கொண்டு வேண்டியபோது மாற்றலாம். மேலும் கற்க விரும்புவோருக்கு 2012-இல் மின்னிதழாகத் தொடங்கிய ‘கணியம்’ தமிழிலேயே கட்டற்ற மென்பொருளை விளக்கி வருகிறது.

பரீட்சை முடிந்து பென்டிரைவைத் திரும்ப விண்டோஸில் செருகினால், ‘இதை ஃபார்மட் செய்யவா?’ என்று அது கேட்பதையும், கொள்ளளவு மிகச் சுருங்கித் தோன்றுவதையும் கண்டு, பென்டிரைவ் பாழாகிவிட்டதென்று குப்பையில் எறிந்தவர்களும் இருக்கக்கூடும். லினக்ஸின் பிரிவினைகளை விண்டோஸ் படிக்கத் தெரியாததால் விளையும் தோற்றமே அது. ரூபஸைத் திறந்து, பூட் தெரிவில் ‘நான் பூட்டபிள்’ என்பதை வைத்து ஒரு முறை ஃபார்மட் செய்தால், பழைய கொள்ளளவு முழுவதும் திரும்பிவிடும்.