நீல விளக்கு எரிந்தால் அறை சுத்தமாகிவிடுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கிற்கு வருவதற்கு முந்திய வாரம் பிரிஞ்சாங்கில் இருக்கும் என் தங்கை வீட்டிற்குப் போயிருந்தேன். வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஒரு குடும்பம் காலையில் கிளம்பும், அடுத்த குடும்பம் மதியம் வந்து இறங்கும். இடையில் இரண்டு மணி நேரம்தான். அதற்குள் மெத்தை விரிப்பு மாற்றி, கம்பளி மடித்து, குளியலறை கழுவி முடிக்க வேண்டும்.

என் தங்கை மகன் அறை மூலையில் இருந்த ஒரு விளக்கைக் காட்டினான். "மாமா, கோவிட் நேரத்தில இணையத்தில வாங்கினது. போட்டா கிருமியெல்லாம் செத்துடும்னு சொன்னாங்க" என்றான். புற ஊதாக் கதிர் விளக்கு. ஒரு நாள் விருந்தினர் கிளம்பியதும் விளக்கைப் போட்டுவிட்டு, அந்த வெளிச்சத்திலேயே அவனும் மனைவியும் இருபது நிமிடம் கம்பளி மடித்திருக்கிறார்கள். அப்போது ஒன்றும் தெரியவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் இருவர் கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தல், எரிச்சல், நிற்காத கண்ணீர். விடிய விடியத் தூக்கமில்லை. மறுநாள் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "கண்ணாடி போடாம வெல்டிங் வேலை பார்த்தீங்களா?"

மருத்துவர் கேட்டதில் தப்பில்லை. வெல்டிங் தீப்பொறியில் கண்ணைச் சுடுவதும் இதே கதிர்தான். கண்ணின் கருவிழிப் படலம் வெந்துபோகிறது. வலி உடனே வராது, சில மணி நேரம் கழித்தே வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். இவர்களுக்கும் ஆறிவிட்டது. 2023 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு கேளிக்கை விழாவுக்குப் போனவர்களில் பலருக்கு இதேபோல் கண்ணும் தோலும் எரிந்தன. அரங்கில் பொருத்திய புற ஊதா விளக்குகளே காரணமாக இருந்திருக்கும் என்று ஏற்பாட்டாளர்களே பின்னர் சொன்னார்கள்.

சரி, அந்த விளக்கு கிருமியைக் கொல்லுமா, கொல்லாதா என்று நீங்கள் கேட்கலாம். கொல்லும். கிருமியின் மரபணுவைச் சிதைத்து அது பெருகாதபடி செய்கிற கதிர், நம் கண்ணையும் தோலையும் மட்டும் விட்டுவைக்காது.

சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிரை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். கிருமியை மிக வேகமாக அழிப்பது சி வகை. அதை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுகிறது, தரைக்கு வருவதில்லை. அதனால்தான் அதை விளக்கில் செய்ய வேண்டியிருக்கிறது. பாதரச ஆவி நிரப்பிய குழாயில் 254 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்தக் கதிர் கிடைக்கிறது. சாதாரணக் கண்ணாடி அதை மறித்துவிடும் என்பதால் குழாயைக் குவார்ட்சில் செய்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியும் நீல வெளிச்சம் வேறு, கிருமியைக் கொல்லும் கதிர் வேறு. கதிர் கண்ணுக்குத் தெரியாது. பழைய குழாயில் நீலம் பளிச்சென்று எரியும், கதிர் குறைந்துபோயிருக்கும். மலிவு விலையில் விற்கும் ஊதா நிற எல்இடி விளக்குகள் பலவற்றில் சி வகைக் கதிரே கிடையாது. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

வெளிச்சம் கிருமியைக் கொல்லும் என்பது புதுச் செய்தி அல்ல. 1877-இலேயே இங்கிலாந்தில் டவுன்ஸ், பிளண்ட் என்ற இருவர் சூரிய ஒளி பாக்டீரியாவை வளரவிடாது என்று காட்டினார்கள். தோலில் வரும் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை தந்த டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்தில்லை. காற்றும் வெளிச்சமும் ஓய்வும்தான் வைத்தியம். தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து 1928-இல் தொடங்கிய சானடோரியமும் அப்படிப் பிறந்ததுதான்.

என் தங்கை மகன் வாங்கிய விளக்கின் குறை என்ன? அவன் கட்டிலுக்குக் கீழே கதிர் போகாது. மடித்த கம்பளியின் உள்மடிப்புக்குப் போகாது. கதிர் நேர்கோட்டில் போகும். நிழல் விழும் இடத்தில் கிருமி நிம்மதியாக இருக்கும். மேசையில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் அதன் அடியில் இருப்பதும் தப்பித்துக்கொள்ளும். தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் வலு ஏறக்குறைய கால் பங்காகிவிடும். ஆகவே முதலில் சவர்க்காரம் போட்டுத் துடைக்க வேண்டும். அப்படித் துடைத்த அறைக்கு அந்த விளக்கு புதிதாக என்ன செய்துவிடும் என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

ஆனால் ஓர் இடத்தில் இந்தக் கதிர் உண்மையிலேயே உதவுகிறது. காற்றில்! காசநோய், தட்டம்மை, கோவிட் எல்லாம் நாம் மூச்சுவிடும் காற்றில் மிதந்து பரவுபவை. அறையின் மேல்பகுதியில், ஆள் தலைக்கு மேலே ஏழடி உயரத்தில் விளக்கைப் பொருத்தி, கதிர் கீழே இறங்காதபடி தடுப்பு வைத்துவிடுவார்கள். கீழே ஆட்கள் இருக்கலாம். மேலே ஏறும் காற்று சுத்தமாகிக் கீழே இறங்கும். பெருநாட்டின் லீமா நகர மருத்துவமனை ஒன்றில் நோயாளிகள் இருந்த அறையின் காற்றைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். 2009-இல் முடிவு வெளியானது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தவற்றில் 35 விழுக்காட்டுக்குக் காசநோய்க் கிருமி தொற்றியது. மேல்பகுதி விளக்கு எரிந்தபோது அது 9.5 விழுக்காடாகக் குறைந்தது. இந்திய நாடாளுமன்றத்தில் 2022-இல் வைத்த கருவிகளும் இதே யோசனைதான்: கதிர் குளிர்சாதனக் காற்றுக் குழாய்க்குள்ளேயே இருக்கும், ஆள் மீது படாது.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1941-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா பக்கம் தட்டம்மை பரவியபோது, வெல்ஸ் என்ற ஆய்வாளர் பள்ளி வகுப்பறைகளில் இப்படி விளக்கு வைத்திருந்தார். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு நோய் மிகவும் குறைவாகவே தொற்றியது. உற்சாகமாகி நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறப் பள்ளிகளிலும் வைத்துப் பார்த்தார்கள். அங்கே அவ்வளவு பலன் இல்லை. ஏன்? அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு ஒரே பேருந்தில் நெருக்கியடித்து வந்தார்கள். வகுப்பில் தப்பித்தவன் பேருந்தில் மாட்டிக்கொண்டான். நம் தோட்டப்புறப் பிள்ளைகள் மலைப்பாதையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பள்ளி வேனில் போவது எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

இங்கேதான் பிரிஞ்சாங்கின் பிரச்சினை. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். பகலிலேயே 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். மாலையானால் பனிமூட்டம் இறங்கும். எல்லாரும் ஜன்னலைச் சாத்துவார்கள். யாரைக் குறை சொல்வது? குளிருகிறதே. ஆனால் சாத்திய அறையில் ஆறு பேர் படுத்தால், ஒருவர் விட்ட மூச்சைத்தான் மற்றவர் இழுக்கிறார். மலேசியாவில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் காசநோய் கண்டறியப்படுகிறது. தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் வேலை செய்யும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் தங்கும் விடுதிகளை நினைத்துப் பாருங்கள். 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டு, 2020 முதல் எல்லாத் துறை முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. பொதுக்கூட விடுதி என்றால் ஓர் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் படுக்கும் இடம் தர வேண்டும். கட்டிலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, சுவரில் ஒரு நீல விளக்கை மாட்டி "நாங்கள் சுகாதாரமாக வைத்திருக்கிறோம்" என்று சொல்லும் முதலாளி யாரையும் நான் நம்பமாட்டேன். கூரை தாழ்ந்த அறையில் மேல்பகுதி விளக்கையும் வைக்க முடியாது. மேல்கட்டிலில் படுப்பவன் முகத்திலேயே கதிர் படும்.

லீமாவிலேயே 2007-இல் இன்னொரு ஆய்வு வந்தது. உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள பழைய மருத்துவமனைகளில் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டால், அறைக் காற்று மணிக்கு சுமார் 40 தடவை மாறியது. இயந்திரம் வைத்த நவீன அறைகளில் 12 தடவைதான். இரவெல்லாம் திறந்து வைக்கச் சொல்லவில்லை. படுக்கும் முன் எதிரெதிர் ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, பிறகு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுச் சாத்தினாலே பெரிய வித்தியாசம். குளிருக்கு இன்னொரு கம்பளி.

அறையில் யாராவது இரண்டு வாரத்திற்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். 1956-இல் மதராஸில் தொடங்கிய ஆய்வு ஒன்றில், நோயாளி வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும், சானடோரியத்தில் இருந்தவர்களின் குடும்பங்களைவிட அந்தக் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் வரவில்லை என்று தெரிந்தது. அந்த ஆய்வு நடந்த மையம்தான் இன்று சென்னைச் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆய்வு நிறுவனமாக இருக்கிறது.

அரங்கில் ஓர் அம்மா எழுந்து, "அப்படின்னா நாங்க காலங்காலமா கம்பளிய வெயில்ல போட்டது வீணா ஐயா?" என்று கேட்டார். வீணில்லை அம்மா. மலையில் உயரம் கூடக் கூட புற ஊதாக் கதிரும் கூடும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு. தரைக்கு வரும் பி வகைக் கதிரும் மெதுவாகக் கிருமியைக் கொல்லும். ஈரம் காய்ந்தால் பூஞ்சையும் பிடிக்காது. மூடுபனி இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே போட்டால் அந்தக் கதிர் வராது, வெளியே கொடியில் போட வேண்டும்.

என் தங்கை மகன் விளக்கைக் கழற்றிவிட்டான். குப்பையில் போடப்போனவனை நான்தான் தடுத்தேன், உள்ளே பாதரசம் இருக்கிறது. இப்போது அட்டைப்பெட்டியில் சுற்றி, மின்னணுக் கழிவு சேகரிப்பவர் வரும்வரை பரண்மேல் வைத்திருக்கிறான்.