பழைய மோட்டார் வண்டியின் இயந்திரத்தில் எழும் தட்டொலி

உடலினுள் மறைந்து கிடக்கும் நோயை வைத்தியர் நாடித் துடிப்பினாலும் நெஞ்சின் ஒலியினாலும் அறிவர். இரும்புக் கூட்டினுள் மறைந்து இயங்கும் மோட்டார் இயந்திரத்தின் குறைகளும் பெரும்பாலும் ஒலியினாலேயே முதலில் வெளிப்படுகின்றன. அவற்றுள் சாரதியை மிகவும் அஞ்சச் செய்வது தட்டொலியாகும். அவ்வச்சத்தினால் ஒருவர் சிறுவேலையால் தீரத்தக்க இயந்திரத்தை முற்றாகக் கழற்றிப் பொருளை இழக்கின்றார். மற்றொருவர் பெருங்குறையைச் சிறிதென எண்ணி ஓட்டிச் சென்று இயந்திரத்தையே இழக்கின்றார். தட்டொலி என்பது தனியொரு நோயன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி என்பதை மறந்தமையே இவ்விரு தவறுக்கும் காரணமாகும். ஆகலின், ஒலி எவ்வளவு பெரிது என வினவுவதிலும், அஃது எப்பொழுது எழுகின்றது, எப்பொழுது மறைகின்றது என வினவுவதே பயன் தரும்.

இதனை விளக்குதற்கு இலங்கைச் சாலைகளில் நெடுங்காலம் பழகிய மொறிஸ் மைனர் வண்டி ஏற்ற உதாரணமாகும். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த இவ்வண்டியின் பிற்கால இயந்திரங்கள் 803, 948, 1098 கன சதமமீற்றர் கொள்ளளவுடையன. நான்கு சிலிண்டர்களிலும் பிஸ்ரன்கள் மேலுங் கீழுமாக ஓட, இணைப்புத் தண்டுகள் அவ்வோட்டத்தைக் கிராங்குத் தண்டின் சுழற்சியாக மாற்றுகின்றன. கிராங்குத் தண்டு மூன்று பிரதான பெயாரிங்குகளில் தங்கிச் சுழலும். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு அதன் பாதி வேகத்திலேயே சுழலும். உரசும் பாகங்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியை எண்ணெய் நிரப்பி நிற்கின்றது. தேய்வினால் அவ்விடைவெளி அகலும்போது உலோகம் உலோகத்தை மோதுகின்றது.

சோதிப்பவர் முதலில் இரண்டு காரியங்களைச் செய்தல் வேண்டும். ஒன்று, எண்ணெயின் அளவையும் தன்மையையும் பார்த்தல். மற்றையது, ஒலி இயந்திரத்தினுள்ளேதான் எழுகின்றதா என உறுதிசெய்தல். தளர்ந்த கப்பியும், வண்டியின் அடிப்பாகத்தில் முட்டும் புகைக்குழாயும், அறுந்த தாங்கு றப்பரும் இயந்திரத் தட்டொலி போலவே ஒலித்து ஏமாற்றவல்லன. நீண்ட மரக்கோல் ஒன்றின் ஒரு நுனியை இயந்திரத்தின் மேலும் மறுநுனியைக் காதருகிலும் வைத்துக் கேட்டால் ஒலியின் இடம் ஓரளவு புலப்படும். சுழலும் விசிறிக்குக் கோலும் உடையும் எட்டாதிருத்தல் வேண்டும்.

இனி ஒலிகளின் வேறுபாடு காண்போம். இயந்திரத்தின் மேற்பகுதியில், கிராங்குத் தண்டின் இரு சுழற்சிக்கு ஒருமுறை எழும் மெல்லிய ஒலி வால்வுகளைச் சார்ந்தது. 'ரப்பெற்' ஒலி எனத் தொழிலாளர் கூறுவது இதுவே. மொறிஸ் மைனரில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது இவ்விடைவெளி 0.012 அங்குலமாக இருத்தல் வேண்டும். அதனைத் திருத்தியதும் ஒலி அடங்குமாயின் மேலும் அஞ்ச வேண்டியதில்லை. காலையில் இயந்திரத்தை இயக்கியவுடன் பொந்தொலிபோற் கேட்டு, சூடேறியபின் குறைந்து மறைவது தேய்ந்த பிஸ்ரன் சிலிண்டர்ச் சுவரில் அடிக்கும் ஒலியாகும். பிஸ்ரன் சூட்டினால் விரிந்து இடைவெளியை நிரப்புவதால் அது மறைகின்றது. இத்தகைய வண்டி உடனே நின்றுவிடாது. எனினும் அதன் முதுமைக்கு இதுவொரு சான்று.

பாரத்துடன் மேட்டில் ஏறும்போது மட்டும், கோலிகளைத் தகரத்திற் குலுக்கினாற்போல எழும் கிணுகிணுப்பு வேறு இனத்தது. இங்கு குறை எரிதலில் உள்ளது. பொறி பற்றவைத்த தீ சிலிண்டரினுள் ஒழுங்காகப் பரவ வேண்டும். தீ சென்றடையுமுன் எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் தானே வெடித்தெரியுமாயின் அதிர்வலை எழுந்து சுவரைத் தாக்குகின்றது. தரங்குறைந்த எரிபொருள், அளவுக்கு முந்திய பொறி, படிந்த கரி, மிகை வெப்பம் என்பன இதற்குக் காரணங்கள். எரிபொருள் இவ்வெடிப்பைத் தாங்கும் ஆற்றலையே ஒக்டேன் எண் குறிக்கின்றது. அமெரிக்கரான தோமஸ் மிட்ஜ்லியும் அவருடன் உழைத்தோரும் 1921ஆம் ஆண்டில் ஈயச் சேர்மம் ஒன்று இவ்வொலியை அடக்குவதைக் கண்டனர். அது நஞ்சாகையால் பின்னர் உலகெங்கும் மோட்டார்ப் பெற்றோலிலிருந்து நீக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தார் இவ்வுண்மையை ஏட்டினால் அன்றி அநுபவத்தினால் அறிந்தனர். 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காதபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளைச் சிறிது பெற்றோலினால் இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகக் குறைவு. ஆதலால் கிணுகிணுப்பு எளிதில் எழும். அன்றியும், முற்றாக ஆவியாகி எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் வழியே கீழிறங்கி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த எண்ணெய் பெயாரிங்கைக் காவாது. ஒரு தட்டொலி மற்றொரு தட்டொலிக்குத் தாயாவது இவ்வாறே.

பெயாரிங்கின் தட்டொலியே யாவற்றிலும் கொடியது. இணைப்புத் தண்டின் கீழ்முனைப் பெயாரிங்கு, அஃதாவது 'பிக் எண்ட்', தேய்ந்தால் ஆழ்ந்த ஒலி ஒவ்வொரு சுழற்சிக்கும் எழும். நடுத்தர வேகத்தில் அமுக்கியைத் தளர்த்தும்போது தெளிவாகக் கேட்கும். பிரதான பெயாரிங்கின் ஒலி அதனினும் கனத்து, பாரம் ஏறும்போது மிகும். எண்ணெய் அமுக்கமும் குறைந்து காணப்படும். எந்தச் சிலிண்டர் எனக் காண எளிய சோதனை ஒன்றுண்டு. இயந்திரத்தை நிறுத்தி, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி இயந்திர உலோகத்துடன் இணைத்தபின் மீண்டும் இயக்குக. அச்சிலிண்டர் எரியாதபோது ஒலி தெளிவாகக் குறையுமாயின் குறை அங்கேயே உளது. இவ்வாறு நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். ஒன்றை நிறுத்துவதால் ஒலி பெரிதும் மாறாவிடின் ஐயம் பிரதான பெயாரிங்குகளின்மேற் செல்லும்.

கீழ்முனை தட்டும் வண்டியைக் கராச் வரையேனும் ஓட்டிச் செல்வோம் என்பது பேதைமை. தேய்ந்த பெயாரிங்கை மட்டும் மாற்றினால் தீர்வது, கிராங்குத் தண்டு கீறப்பட்டபின் அதனைக் கடைந்து திருத்தினாலன்றித் தீராது. இணைப்புத் தண்டு முறியுமாயின் சிலிண்டர்க் கூடே பிளக்கும். ஆகவே அத்தகைய வண்டியை இழுத்துச் செல்வதே சிக்கனம்.

எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் சோதித்தல், ஒரு காலத்தில் ஒன்றையே மாற்றி விளைவை நோக்குதல், சான்று கிடைக்குமுன் முடிவு கூறாதிருத்தல் என்பன விஞ்ஞான கூடத்தில் மாணவர் கற்கும் முறைகளேயாம். அவற்றைக் கைக்கொண்டவர்க்குத் தட்டொலி அச்சந் தருவதாகாது. இயந்திரம் காலத்தோடு தரும் எச்சரிக்கையாகவே அமையும்.