அழகுக்கு சால்வியா... அடுப்புக்கு அல்ல!

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பங்களாக்களின் வேலி ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு, ஊதா வெல்வெட்டில் செய்த மாதிரி நீள நீளக் கதிராகப் பூத்து நிற்குமே, அதுதான் சால்வியா! ஊதாவாகத் தெரிவது புல்லி இதழ்தான். அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற சின்ன வெள்ளைதான் நிஜப் பூ. பூர்வீகம், மெக்ஸிகோ.

"சித்த வைத்தியருக்குப் பூச்செடியோடு என்ன வேலை?" என்கிறீர்களா? இருக்கிறது. குன்னூரிலிருந்து சிகிச்சைக்கு வந்த ஒரு பாட்டி கேட்டார்... "இலையைக் கசக்கினா மருந்து வாசனை வருது டாக்டர். துளசி குடும்பம்னு நர்சரியிலயும் சொன்னாங்க. பேரனுக்கு ஒரே சளி. நாலு இலை போட்டுக் கஷாயம் வெச்சுக் கொடுக்கட்டுமா?"

கொடுப்பதற்கு முன்னால் கேட்டாரே, அந்த மட்டும் புண்ணியம்!

நர்சரியில் சொன்னது பொய்யில்லை. நாலு பட்டைத் தண்டு, எதிரெதிர் இலை, உதடு பிளந்த பூ... துளசி, புதினா, கற்பூரவல்லி, தும்பைக்கு உள்ள அத்தனை அடையாளமும் சால்வியாவுக்கும் உண்டு. ஆனால், உறவுமுறையை வைத்து மருந்து முடிவு செய்ய முடியுமா? சுண்டைக்காயும் ஊமத்தையும்கூட ஒரே குடும்பம்தான். ஊமத்தங்காயில் வற்றல் குழம்பு வைப்போமா?

சால்வியாவில் மட்டும் சுமார் ஆயிரம் இனம் இருக்கிறது. 'குணமாக்குதல்' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். அந்தப் பெயர்தான் பலரை ஏமாற்றுகிறது. ஐரோப்பியர் சமையலில் சேர்க்கிற 'சேஜ்' ஒரு சால்வியா. அதன் எண்ணெயில் உள்ள துஜோன் என்ற பொருள் அளவு மீறினால் வலிப்பு வரும். கர்ப்பிணிகள் அதை மருந்தாகத் தொடவே கூடாது. சீன வைத்தியத்தில் ஒரு சால்வியாவின் வேரைத் தருகிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்து. தின்றவருக்குப் பிரமை பிடிக்கவைக்கும் சால்வியாவும் மெக்ஸிகோவில் உண்டு! கடைகளில் கிடைக்கிற சியா விதையும் ஒரு சால்வியாவின் விதையே. அது உணவுதான், ஆனால் ஊறவைக்காமல் வாயில் போட்டால் உப்பித் தொண்டையை அடைக்கும். இதில் உங்கள் வேலியோரம் நிற்பது எது? அழகுக்காக விற்கிற செடிக்கு நம் வைத்தியத்தில் அளவும் கிடையாது, அனுபானமும் கிடையாது. போதாக்குறைக்கு, நர்சரியில் என்ன பூச்சிமருந்து அடித்தார்களோ!

பேரன் சளிக்குக் கற்பூரவல்லியும் துளசியும் இருக்கவே இருக்கின்றன. ஆனால் குழந்தை வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ எந்தக் கஷாயமும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி!

சரி, செடிக்கு வருவோம். வளர்ப்பதற்கு சால்வியா மாதிரி சமர்த்து கிடையாது. தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் படணும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, அவ்வளவுதான். நாலடி வளர்ந்து அதே அளவுக்குப் பக்கவாட்டிலும் பரவுமாதலால், பாத்தியின் பின்வரிசையில் மூன்றடிக்கு ஒன்றாக வையுங்கள். ஆசையாக உரத்தைக் கொட்டாதீர்கள். இலை மதமதவென்று வளரும், பூ குறையும், ஒரு மழைக்கே தண்டு சாய்ந்துவிடும். ஓரடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். இரவு நீளும் காலத்தில்தான் இது மொட்டு வைக்கும். எனவே ராத்திரியெல்லாம் வாசல் விளக்கு விழுகிற இடம் வேண்டாம்.

பூத்து ஓய்ந்தபின் தரையிலிருந்து அரையடி விட்டு வெட்டிவிடலாம். ஊட்டிக்காரர்கள் மட்டும் உறைபனி முடிகிறவரை பொறுக்கணும். பழைய தண்டுதான் அடிக்குருத்துக்குப் போர்வை. பூக்காத கிளை நுனியில் நாலு அங்குலம் வெட்டி, கீழிலைகளை உருவிவிட்டு, மணல் கலந்த மண்ணில் நிழலில் நட்டால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். வெள்ளை ஈ வந்தால், சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள்.

"மதுரையிலயும் சென்னையிலயும் இருக்கிற நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" என்று கோபிக்க வேண்டாம். இந்த வெல்வெட் ரகத்துக்கு நம் சித்திரை வெயில் ஒத்துக்கொள்ளாது. அதற்குப் பதில் இரண்டடி, மூன்றடி உயரம் வரும் நீல சால்வியாவையும், சிவப்புப் பூ பூக்கும் காக்ஸீனியா ரகத்தையும் போடலாம். அடைமழை ஓய்ந்தபின் நாற்று நட்டால், பொங்கலுக்குப் பின்னால் பூ பார்க்கலாம். சிவப்புக் குழல் பூவைத் தேடித் தேன்சிட்டு வரும். தாய்நாட்டில் ஓசனிச்சிட்டுக்குத் தேன் ஊட்டிய பூ அல்லவா!

முன்வரிசையில் கற்பூரவல்லி வைக்க நினைத்தால் அதைத் தனித் தொட்டியில் வையுங்கள். அவசரத்தில் இலை பறிக்கிற கை மாறிப் போகக் கூடாது.