பல் போனால் 'பவர்' போச்சு!
நெய்வேலி சுரங்கத்தில் எஃகுக்கும் மணலுக்கும் ஓயாத சண்டை

நெய்வேலி:
சுவிட்சைத் தட்டுகிறோம். விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சம் ஓர் இரும்புப் பல்லை நம்பி இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

நெய்வேலியில் நிலக்கரி மேலாகக் கிடைப்பதில்லை. அதன் தலைமேல் 50 முதல் 100 மீட்டர் வரை மண்ணும் பாறையும் மூடிக் கிடக்கிறது. ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க 5 கன மீட்டருக்கு மேல் மண்ணை வாரிக் கொட்ட வேண்டும்.

1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நாலு வருஷம் மண்ணோடுதான் மல்லுக்கட்டு!

வாரும் ராட்சதன்

மண்ணை வாருவது ஜெர்மன் பாணி ராட்சத சக்கர இயந்திரம். சக்கரத்தைச் சுற்றி வாளிகள். பெரிய இயந்திரத்தில் ஒரு வாளி 1,400 லிட்டர் கொள்ளும். வாளியின் உதட்டில் எஃகுப் பற்கள். பாறையைக் கடிப்பது இந்தப் பற்கள்தான்.

கடலூர் மணற்பாறை என்று அதற்குப் பெயர். மணல்தானே என்று லேசாக நினைத்துவிடக் கூடாது. கடினத்தில் வைரத்துக்கு 10 மார்க் என்றால், இந்தப் படிக மணலுக்கு 7 மார்க். சாதாரண இரும்புக்கு நாலரை. நன்றாகத் தோய்ச்சல் கொடுத்த அரத்துக்கே ஆறரைதான்! மணல் இரும்பைத் தின்னாமல் என்ன செய்யும்?

எந்த எஃகு?

கெட்டியான எஃகாகப் போட்டால் போச்சு என்பீர்கள். அங்கேதான் சிக்கல். கெட்டி கூடினால் கண்ணாடி மாதிரி உடையும். உடைந்த பல் கன்வேயர் பெல்ட்டில் விழுந்தால் பெல்ட் கிழியும். பெல்ட் நின்றால் எல்லாம் நின்றது.

மாங்கனீசு எஃகு என்று ஒன்று உண்டு. 1882-ல் இங்கிலாந்தில் ஹேட்பீல்டு கண்டுபிடித்தது. அடி வாங்க வாங்க இறுகும், லேசில் உடையாது. ஆனால் ஓங்கி அடித்தால்தான் இறுகும். பொடி மணல் அடிக்காது, உரசும். உரசலுக்கு அது மசிந்துவிடும்.

நெய்வேலியில் இடியும் உண்டு, உரசலும் உண்டு. அதனால் உள்ளே உடையாத எஃகு, மேலே கெட்டித் தோல். இதுதான் வழி.

தோலை எப்படிப் போடுவது? துப்பாக்கிக் குழலுக்குள் பூசுகிற மெல்லிய குரோமியப் பூச்சு இங்கே எடுபடாது. நைட்ரஜன் ஏற்றி இறுக்கினாலும் அரை மில்லிமீட்டர்தான். மணற்பாறைக்கு அது காலை பலகாரம்!

எலிப் பல் ரகசியம்

ஆகவே வெல்டிங். குரோமியம் கார்பைடு, டங்ஸ்டன் கார்பைடு கலந்த ராடால் பல்லின் மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்குக் கவசம். மணலைவிடக் கடினமான துணுக்குகள் அதில் உண்டு.

இதிலும் ஒரு சூட்சுமம். ஒரு முகத்தில் மட்டும் கவசம் போட்டால், மறுபக்கம் சீக்கிரம் தேயும். முனை எப்போதும் கூராகவே நிற்கும். எலியின் பல்லும் இப்படித்தான். முன்பக்கம் கெட்டி, பின்பக்கம் மெது.

வெல்டர் கையில்தான் மிச்சம். சாதாரண கலப்பு எஃகானால் முதலில் சூடேற்றி, பிறகு மெல்ல ஆறவிட வேண்டும். மாங்கனீசு எஃகானால் நேர்மாறு. சூடு ஏறவே விடக்கூடாது. மாற்றிச் செய்தால் பல் நொறுங்கும். ஆசைப்பட்டு அடுக்கு மேல் அடுக்காகப் போட்டாலும் கவசம் பெயர்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னொரு தொல்லை. ராடில் ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்துவிடும். இன்று பளபளவென்று இருக்கும் பல், நாளை கீறல் விடும். அதனால் ராடை ஓவனில் வாட்டித்தான் எடுக்க வேண்டும்.

பல்லை மட்டும் நம்பியும் பயனில்லை. கெட்டிப் பாறைக்கு முதலில் வெடி வைத்துத் தளர்த்திவிட்டுத்தான் சக்கரத்தை விடுகிறார்கள்.

கிராமத்துக் கொல்லர் தேய்ந்த மண்வெட்டிக்கு எஃகு வைத்து அடிக்கிறாரே, அதே கணக்குதான். மண்வெட்டி மட்டும் பெரிசு!

பல் போனால் சொல் போச்சு என்பது ஊர்ப் பழமொழி. நெய்வேலியில் பல் போனால் போவது சொல் அல்ல, வெளிச்சம்!