எலி பிடிக்கும் பருந்துக்குக் கரையில் இடம் வேண்டும்

சம்பாப் பயிர் தூர் கட்டும் நேரத்தில் திருச்சி வட்டாரத்தில் எந்த வயலுக்குப் போனாலும் எலிப் பேச்சுதான். எலியைத் தின்னும் பறவைகள் குடியிருக்கும் கரை மரங்களையோ, நிழல் விழுகிறது என்று பலர் வெட்டிவிடுகிறார்கள்.

முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கி, கல்லணை வரை பக்கம் பக்கமாக ஓடுகின்றன. இந்தக் கரைகளில் மருதம், ஆல், நாவல், பனை நிற்கும் இடங்களில் பருந்துகளை இன்றும் பார்க்கலாம். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட செம்பருந்தைத்தான் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் மீனும் நண்டும் தின்னும். வரப்பைத் துளைக்கும் நண்டு குறைந்தால் அதுவும் லாபம்தானே! டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நீரோரத்து உயர்ந்த மரங்களில் கூடு கட்டும். அந்த மாதங்களில் கிளை கழிக்காமல் இருப்பது நல்லது.

எலிக்கு உண்மையான எதிரிகள் வேறு இரண்டு. ஒன்று, வயலுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று சட்டென்று இறங்கும், தோள் கறுத்த சிறிய வெள்ளைப் பருந்து. மற்றொன்று கூகை. அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டப்படும் இந்தப் பறவை, குஞ்சு இருக்கும் காலத்தில் ஒரே இரவில் பல எலிகளைப் பிடிக்கும். மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் இதற்கென்றே மரப்பெட்டிகள் வைக்கிறார்கள். இங்கே பொந்துள்ள பழைய மரம் ஒன்றை விட்டுவைத்தாலே போதும். பட்டுப்போன மரம் என்று முதலில் கோடரி விழுவது அதன்மேல்தான்.

மரம் இருந்தும் பறவை இல்லையென்றால், விஷத்தைச் சந்தேகிக்க வேண்டும். புரோமடியோலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகையின் உடம்பிலும் மருந்து சேரும். தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதும், வரப்பைச் சிறிதாக்கிப் புல் செதுக்கி வைப்பதும் முதல் வேலையாக இருக்கட்டும். விஷம் வைத்தே தீர வேண்டுமென்றால், செத்த எலிகளைத் தினமும் காலையில் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். எலிக்காக மின்வேலி போடுவது சட்டப்படி குற்றம். வயலுக்குப் போன மனிதர்களே அதில் செத்திருக்கிறார்கள்.

நட்ட வயலில் டி வடிவக் குச்சிகளைப் பயிருக்கு மேலே தெரியும்படி ஊன்றினால், பகலில் கரிச்சானும் இரவில் ஆந்தையும் வந்து உட்காரும். கதிர் பால் பிடிக்கும் முன் குச்சிகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெல் கொத்தும் குருவிகள் அதில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆற்றுப் புறம்போக்கு மரங்கள் அரசுக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது. சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்தின் நிழலால் இரண்டு மூன்று வரிசைப் பயிர் வாடினால், அங்கே சேம்போ மஞ்சளோ வைத்துப் பார்க்கலாம்.